வங்கியில் எங்களுக்குக் கிடைத்த இருக்கை

(கழக வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் படிக்கப்பெற்ற உரை)

 

இவ்வுரையைப் படிப்பவர் ஒருவர், பேசுவோர் பதினொருவர். இம்மாவட்டத்து ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படித்து, 1980-களின் முற்பகுதியில் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய எழுத்துத் தேர்வில் தேறி, நாட்டுடைமையாக்கப்பெற்ற வங்கிகளில் எழுத்தர்களாகவும் காசாளர்களாகவும் நுழைந்தவர்கள் நாங்கள். இன்று எங்களுள் எவரும் பணியில் இல்லை. இருவர் 2000-2001-இல் வந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறி, கிடைத்த தொகையில் ஒரு பகுதியை இக்கழகம் தொடங்குவதற்கு அளித்தனர். ஒருவர் காலமாகிவிட்டார், அவர் சொல்லி வந்தவற்றை அவருடைய துணைவியார் நினைவுகூர்ந்து எங்களுக்கு அளித்தார். மூன்று மாலைப் பொழுதுகள் இக்கட்டடத்தின் மாடியறையில் கூடியமர்ந்து, ஒருவர் மறந்ததை மற்றொருவர் எடுத்துக்கொடுக்க, எழுதி முடித்த உரை இது. எது எவருடைய அனுபவம் எனப் பிரித்துக் காட்ட விரும்பாமையால் 'நாங்கள்' என்றே எழுதியுள்ளோம். வங்கியின் பெயரையோ மேலாளர்களின் பெயரையோ கூறவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அவ்வொருவரே குற்றவாளி, ஏனையோர் தூயோர் என்றாகிவிடும். உண்மை அவ்வாறு இல்லை.

விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது 'வங்கிப் பணியின் சிறப்பு' என்னும் பொருளில் ஓர் உரை. சிறப்பே இல்லை என்று சொல்லும் நன்றி மறந்தவர்கள் அல்லோம். தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கி நாள்கூலி பெற்ற தந்தையர்க்கும், பிறர் நிலத்தில் நாற்று நட்ட தாயர்க்கும் பிறந்த நாங்கள், மாதந்தோறும் குறித்த நாளில் ஊதியம் பெற்றோம், பஞ்சப்படி பெற்றோம், தம்பி தங்கையரைப் படிக்க வைத்தோம், கூரை வீட்டை மாற்றி மச்சு வீடு கட்டினோம். முதல் மாத ஊதியத்தை எங்களுள் ஒருவருடைய தந்தையார் மூன்று முறை எண்ணிவிட்டு, "ஒரு மாசத்துக்கா?" என்று கேட்டாராம். அச்சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும், மேடையில் கேட்ட சிறப்புரையை மட்டும் நம்பி உள்ளே செல்லும் நம் பிள்ளைகள், முதல் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே 'குறை என்னிடம்தானோ' என்று தமக்குள் குமைந்துபோவதை அண்மையில் சிலரிடம் கண்டோம். அதனால் தலைப்பைச் சற்றே மாற்றிக்கொண்டோம். குழுவினர் பொறுத்தருள்க.

வங்கியின் வாயில் நமக்கு எப்போது திறந்தது என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். 1969 ஜூலை 19 அன்று, 50 கோடி ரூபாய்க்குக் குறையாத வைப்புத்தொகை கொண்ட 14 தனியார் வங்கிகள் நாட்டுடைமையாயின. 1980 ஏப்ரல் 15 அன்று மேலும் 6 வங்கிகள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் முதற் பட்டியலில் இருந்தவை. இதன் பயன்களைப் பொருளியல் அறிஞர்கள் பலபடப் பேசுவர். நம்மைப் பொறுத்தவரை தலையாய பயன் ஒன்று. அரசியலமைப்பின் 16(4)-ஆம் உறுப்பு அரசின் கீழுள்ள பணிகளுக்கே பொருந்தும். தனியார் முதலாளியின் நிறுவனத்திற்குப் பொருந்தாது. வங்கி அரசின் உடைமையான பின்னரே இடஒதுக்கீடு அதன் படியேறிற்று. அதற்கு முன்னர்த் தனியார் வங்கியில் ஒருவன் வேலை பெறவேண்டுமாயின், உள்ளே இருப்பவர் எவரேனும் அவனையோ அவன் குடும்பத்தையோ அறிந்திருக்க வேண்டும். எங்கள் தந்தையரை அறிந்தவர் எவர் அங்கே இருந்தனர்?

வாயில் திறந்ததைப் பற்றி அரசாணைகள் உண்டு, தீர்ப்புகள் உண்டு. உள்ளே சென்றவர்களை எந்த நாற்காலியில் அமர்த்தினார்கள் என்பதற்கு ஆணையும் இல்லை, பதிவேடும் இல்லை. நாங்கள் பேச வந்தது அந்த நாற்காலியைப் பற்றித்தான்.

கணிப்பொறி வாராத காலத்து வங்கிக் கிளையை இன்றைய மாணவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். நீண்ட மேசைகள், அவற்றின்மேல் இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய பேரேடுகள், கம்பி வலையிட்ட காசாளர் கூண்டு, பணம் வாங்க வருவோர் கையில் பித்தளை டோக்கன். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தொழில்: சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, வைப்புத்தொகை, காசோலைத் தீர்வு, நகைக்கடன், வேளாண் கடன், வணிகக் கடன். தோல் தொழில் மிகுந்த எங்கள் பகுதிக் கிளைகளில் ஏற்றுமதி பில்களுக்கெனத் தனி மேசையும் உண்டு. இவற்றிற்கெல்லாம் அப்பால், கழிப்பறைக்குச் செல்லும் வழியில், தபால் மேசை. வரும் தபாலைப் பிரித்துப் பதிவதும், போகும் தபாலுக்கு எண்ணிட்டு முத்திரை குத்துவதும் அங்குள்ள வேலை.

பதினொருவரும் வெவ்வேறு கிளைகளில் சேர்ந்தவர்கள். பிற்காலத்தில் ஒருநாள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டுப் பேருடைய முதல் இருக்கை தபால் மேசையாகவே இருந்தமை தெரிந்து சிரித்தோம். புதிதாய் வருபவனுக்கு எளிய வேலை கொடுப்பது எங்கும் உள்ள வழக்கம்தான். அதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் எங்களுடன் அதே மாதத்தில் சேர்ந்த பிற எழுத்தர்கள் ஆறு திங்களில் பேரேட்டிற்கும், ஓராண்டில் வைப்புத்தொகைக்கும், மூன்றாண்டில் கடன் பிரிவிற்கும் நகர்ந்தனர். நாங்கள் தபாலிலிருந்து காசோலைத் தீர்விற்கும், அங்கிருந்து மீண்டும் தபாலுக்குமாக உலவிக்கொண்டிருந்தோம். கேட்டால், "தம்பி, அந்த மேசையில் உங்களைப் போல் நேர்த்தியாகச் செய்பவர் வேறு யாரும் இல்லை" என்பார் மேலாளர். பாராட்டு என்று மகிழ்ந்த நாள்களும் உண்டு. புகழ்ந்தே ஒருவனை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கலாம் என்பது விளங்குவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

எங்களுள் ஒருவருடைய தந்தையார் கோலார் தங்கவயலில், 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்ட சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். மகன் வங்கியில் சேர்ந்த செய்தியறிந்து, அங்கே நகை அடகு பிடிக்கும் மேசை உண்டாமே, அதில்தான் உட்காருகிறாயா என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பார். ஒன்பது ஆண்டுகள் அக்கிளையில் இருந்தும், நகைக்கடன் மேசையில் ஒரு நாள்கூட மகன் அமரவில்லை. வாடிக்கையாளர்கள் தங்கள் நகையை ஒப்படைக்கத் தயங்குவர் என்று காரணம் சொன்னார்கள். "பூமிக்குள்ள போயி நான் எடுத்துக் குடுத்ததை, மேசை மேல வச்சு எடைகூட நீ பார்க்க முடியலையா?" என்றார் தந்தையார். அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். தங்கவயல் 2001-இல் மூடப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை.

இருக்கையில் என்ன இருக்கிறது, ஊதியம் ஒன்றுதானே என்று சிலர் வினவலாம். ஊதியம் ஒன்றுதான். அதற்குத் தொழிற்சங்கத்திற்கு நன்றி சொல்லவேண்டும். 1966-இல் தொடங்கி இருதரப்பு ஒப்பந்தங்களின்வழி அமைந்த ஊதிய விகிதம் பிறப்பைப் பார்த்து மாறவில்லை. ஆனால் வங்கியில் மேசைதான் பள்ளிக்கூடம். கடன் கோப்பைக் கையாளாதவனுக்கு ஐந்தொகை படிக்கத் தெரியாது. சரக்கிருப்பு அறிக்கையை ஐயுறத் தெரியாது. ஈட்டு ஆவணத்தில் எங்கே ஓட்டை இருக்கும் என்று தெரியாது. பத்தாண்டு கழித்து அலுவலர் பதவிக்கான நேர்முகத் தேர்வில் அமரும்போது, எதிரிலிருப்பவர் மிகவும் கனிவுடன் கேட்பார்: "நீங்கள் எத்தனை கடன் கோப்புகளைக் கையாண்டிருக்கிறீர்கள்?" ஒன்றும் இல்லை என்பதே விடை. அவர் தமக்கு முன்னிருக்கும் தாளில் ஏதோ குறித்துக்கொள்வார். அவர் எழுதியது பொய்யன்று. எங்களுக்குக் கடன் தொழில் தெரியாது என்பது உண்மை. தெரியாதிருந்தமைக்குக் காரணம் யார் என்னும் கேள்விக்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

காசாளர் கூண்டில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். நாள் முடிவில் இருப்பில் பணம் குறைந்தால், குறைந்ததைக் காசாளரே கைப்பணத்திலிருந்து கட்டவேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுவான நடைமுறை. எவர் கூண்டில் குறைந்தாலும் நான்கைந்து பேர் கூடி, சீட்டுகளைச் சரிபார்த்து, கட்டுகளை மீண்டும் எண்ணி, இரவு எட்டு மணியானாலும் உடனிருப்பார்கள். வங்கி வாழ்க்கையில் மிகவும் இனிய வழக்கங்களுள் அது ஒன்று. எங்களுள் ஒருவர் கூண்டில் ஒரு நாள் 100 ரூபாய் குறைந்தது. அன்று எவரும் சீட்டுகளைத் தேடவில்லை. தலைமைக் காசாளர் அவருடைய கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்து காட்டினார், சோற்றுப் பாத்திரமும் ஒரு துண்டும் இருந்தன. 100 ரூபாயைக் கட்டிவிட்டு வீட்டிற்கு நடந்தே சென்றார். அந்நாளில் நோட்டுக் கட்டுகளைக் கம்பியால் தைத்து வைப்பார்கள். 2001-இல்தான் ரிசர்வ் வங்கி அவ்வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. தைத்த கட்டைப் பிரிக்காமல் வாங்கிச் சென்ற மளிகைக் கடைக்காரர் ஒருவர், ஐந்தாம் நாள் வந்து, தம் கட்டில் 101 நோட்டுகள் இருந்ததாகக் கூறி ஒன்றைத் திருப்பித் தந்தார். பணம் எங்கள் நண்பருக்கு வந்து சேர்ந்தது. பையைத் திறக்கச் சொன்னவர் மறுநாள் வழக்கம்போல் காலை வணக்கம் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. அந்த மளிகைக் கடைக்காரரின் கடையில்தான் அந்நண்பர் ஊரைவிட்டு மாற்றலாகும் வரை சாமான் வாங்கினார்.

உணவு வேளையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். மதியம் மேசைகளைச் சேர்த்துப் போட்டுக் குழம்பும் பொரியலும் மாற்றிக்கொள்ளும் வட்டத்தில் முதல் சில மாதங்கள் நாங்களும் இருந்தோம். சாதிச் சான்றிதழை மெய்யறியும்படி வட்டாட்சியருக்கு எழுதப்பட்ட கடிதத்திற்கு விடை வந்த வாரம், வட்டம் பத்து நிமிடம் முன்னதாகக் கூடத் தொடங்கிற்று. அடுத்த மாதம் இருபது நிமிடம். எவரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் கணக்கை முடித்துவிட்டு வரும்போது அவர்கள் கை கழுவிக்கொண்டிருப்பார்கள். அண்ணல் அம்பேத்கர் 1917-இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பிப் பரோடா சமஸ்தான அலுவலகத்தில் அமர்ந்தபோது, ஏவலர்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்தே மேசைமேல் எறிந்ததையும், குடிக்க நீர் கிடைக்காமற் போனதையும் விடுதியில் படிக்கும்போதே கேட்டிருக்கிறோம். 1923-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதி வெளியிட்ட மேதைக்கே அந்நிலை. எங்கள்மீது எவரும் கோப்பை எறியவில்லை. உணவு நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எழுபது ஆண்டுகளில் நாடு முன்னேறியிருந்தது என்று எங்களுள் ஒருவர் சொல்லிச் சிரிப்பார். காலமானவர் அவர்தான்.

இனி நாங்கள் சொல்லப்போவது பிறர் செய்த தீங்கன்று. மூன்றாம் நாள் மாலை இதை எழுதுவதா வேண்டாமா என்று நீண்ட நேரம் பேசினோம். சம்பந்தப்பட்ட அம்மையாரிடமே சென்று கேட்டோம். "பேரைச் சொல்லாதீங்க, மத்ததைச் சொல்லுங்க" என்றார்.

அவர் ஒரு கிளையின் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். முழு ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு பெற்றவர். வங்கிகளில் நம்மவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அரசு வெளியிட்டு வந்த அட்டவணைகளில், துப்புரவுப் பணியாளரைத் தனியே பிரித்துக் காட்டுவதைக் காணலாம். அவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை பொய்யாக உயர்ந்துவிடும் என்பதே காரணம். அப்பணியில் நம்மவரைத் தவிரப் பிறர் வருவது அரிது என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது. அக்கிளையில் எழுத்தராகச் சேர்ந்த எங்கள் நண்பருக்கு அந்த அம்மையார் தாயாரின் தங்கை முறை. சின்னம்மா. பணியில் சேர்ந்த நாளன்று காலை, மேலாளர் புதியவரை ஒவ்வொருவருக்கும் அறிமுகம் செய்து வருகையில், துடைப்பத்துடன் நின்ற சின்னம்மா ஒதுங்கி நின்று "வணக்கம் சார்" என்றார். அன்றிரவு வீட்டிற்கு வந்து, "அங்க நான் உனக்கு யாரும் இல்ல ராசா. என்னைப் பார்த்து எழுந்திரிக்கிற வேலையெல்லாம் வச்சுக்காத. உனக்கு நல்லதில்ல" என்று சொல்லிப் போனார். நண்பர் அதன்படியே நடந்தார். தேநீர் வரும்போது எங்களுக்குக் கண்ணாடிக் குவளை. சின்னம்மாவுக்குச் சன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்த அலுமினியக் குவளை. அதை நண்பர் நாள்தோறும் பார்த்தார். தம் குவளையைக் குடித்து முடித்தார்.

சேர்ந்து ஐந்தாண்டுகள் இருக்கும். பகுதிநேரத் துப்புரவாளர்களுள் மூத்தவர்களை முழுநேரத் துணைப் பணியாளர்களாக மாற்றுவதற்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புமாறு வட்டார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தபால் மேசையில் அதைப் பிரித்துப் பதிந்தவர் எங்கள் நண்பர். பத்து நாள் கழித்து விடைக்கடிதம் போயிற்று. அதற்கு எண்ணிட்டு, உறையிலிட்டு, முத்திரை குத்தியவரும் அவரே. 'தகுதியுடையோர் எவரும் இல்லை' என்று அதில் இருந்தது. முழுநேர இடத்திற்கு, தண்ணீர் எடுத்து வைக்கத் தற்காலிகமாக அமர்த்தப்பட்டிருந்த வேறோர் இளைஞர் பின்னர் வந்தார். அவர் எவருக்கு உறவு என்பது கிளை முழுவதும் அறிந்த செய்தி.

நண்பர் செய்யவேண்டியிருந்தது ஒரு மனு எழுதுவதுதான். கடித எண்ணும் நாளும் அவர் கையெழுத்திலேயே பதிவேட்டில் இருந்தன. அந்த மாதத்தில் அவருக்கு அலுவலர் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு இருந்தது. மேலாளரின் குறிப்பு அதற்குப் போகவேண்டும். அவர் வாய் திறக்கவில்லை. எங்களுள் நால்வரிடம் சொன்னார். நாங்களும், "தேர்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்றோம். தேர்வு முடிந்தது. நண்பர் தேறவில்லை. அடுத்த ஆண்டும் ஒரு தேர்வு இருக்கும் அல்லவா? அப்படியே ஆண்டுகள் சென்றன. சின்னம்மாவிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை.

பதினோராண்டுகள் கழித்து, தாழ்த்தப்பட்ட பணியாளர் நலச்சங்கத்தின்வழி அம்மனு எழுதப்பட்டது. பழைய பதிவேட்டை அலமாரியிலிருந்து தேடியெடுத்து, எண்ணையும் நாளையும் குறித்து அனுப்பினோம். ஆறு திங்களில் அவர் முழுநேரப் பணியாளர் ஆனார். அப்பதினோராண்டுகளில் அவர் இழந்த ஊதியம், படிகள், சேமநிதி, அதனால் பின்னர் ஓய்வூதியத்தில் ஏற்பட்ட குறைவு எவ்வளவு என்று இவ்வுரைக்காகக் கணக்கிடத் தொடங்கினோம். வாழ்நாள் முழுவதும் கணக்கெழுதிப் பிழைத்த எங்களுக்கு, அதை முடிக்கக் கை வரவில்லை, பாதியில் நிறுத்தினோம். அவரிடம் உண்மையைச் சொன்னது, ஓய்வு பெற்ற பிறகுதான். "எனக்கு அப்பவே தெரியும் ராசா" என்றார். யார் சொன்னது என்று கேட்டதற்கு விடை சொல்லவில்லை.

நிருவாகத்தைக் குறை கூறும் உரிமை எங்களுக்கு எவ்வளவு உண்டு என்பதை இதைக் கேட்ட பின் நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஆயினும் அச்சம் தானாக முளைப்பதில்லை. ஒருவனுடைய உயர்வு முழுவதும் ஒரே ஒருவருடைய மூடிய குறிப்பில் அடங்கியிருக்கும் இடத்தில் அது முளைக்கும். அலுவலர் ஆனவர்களுக்கு ஆண்டுதோறும் மறைமுக அறிக்கை எழுதப்படும். எங்களுக்கு எழுதப்பட்டது பெரும்பாலும் 'சராசரி', 'முனைப்புப் போதாது'. அதைக் கெட்ட குறிப்பு என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆதலால் எங்களுக்குத் தெரிவிக்கவும் மாட்டார்கள். ஆனால் உயர்வைத் தடுக்க அது போதும். 2008-இல் தேவ்தத் என்னும் அரசுப் பணியாளரின் வழக்கில், நல்லதோ தீயதோ, அறிக்கையின் ஒவ்வொரு குறிப்பையும் பணியாளருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. எங்கள் பணிக்காலத்தின் பெரும்பகுதி அதற்குள் கழிந்துவிட்டது.

பதவி உயர்வில் இடஒதுக்கீட்டைப் பற்றியும் பிள்ளைகள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1995-இல் 77-ஆம் திருத்தத்தின்வழி 16(4ஏ) என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. அது 'செய்யலாம்' என அரசுக்கு இசைவு தரும் விதி. 'செய்தே தீரவேண்டும்' என்னும் விதி அன்று. எழுத்தர் நிலையிலிருந்து அலுவலர் நிலைக்கு வருவதற்கு ஒதுக்கீடு துணை நிற்கிறது. அலுவலரான பின், தேர்வு முறையில் ஒரு படியிலிருந்து மறு படிக்கு ஏறும்போது ஒதுக்கீடு இல்லை, பரிசீலனை வரம்பிற்குள் வருவோர்க்குச் சலுகையே உண்டு என்பது, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் மறுஆய்வில் அளித்த தீர்ப்பு. ஆகவே மேலே ஏற ஏற, மேசையில் கற்ற தொழிலும், மேலாளர் எழுதும் குறிப்புமே துணை. ஒவ்வொரு வங்கியிலும் நமக்கெனத் தொடர்பு அலுவலர் ஒருவர் உண்டு. ஒதுக்கீட்டுப் பதிவேட்டைச் சரிபார்ப்பது அவர் கடமை. நல்லவர்கள் பலர் அவ்விடத்தில் இருந்தார்கள். ஆனால் அவருடைய அடுத்த உயர்வும் அதே பணியாளர் துறையின் கையில் இருந்தது என்பதை மறந்து பேசுதல் நேர்மையாகாது.

நல்ல மேலாளர் எவரையுமே கண்டதில்லையா என்றால், கண்டோம். பிறப்பால் எங்களுக்கு மிகவும் எட்டத்திலிருந்த ஒருவர் எங்கள் கிளை ஒன்றிற்கு வந்தார். வந்த முதல் வாரத்திலேயே எழுத்தர்கள் அனைவருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதி, எவர் எந்த மேசையில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று எதிரே குறித்தார். தபால் என்னும் சொல் ஒரே பெயருக்கு எதிரில் ஏழு ஆண்டுகள் இருப்பதைக் கண்டு, "இது என்ன, தண்டனையா?" என்றார். மறு திங்களிலிருந்து அந்தப் பெயர் ஏற்றுமதி பில் மேசைக்குப் போயிற்று. முணுமுணுப்பு எழுந்தது. அவர் விளக்கமும் தரவில்லை, சமத்துவம் பற்றி உரையாற்றவும் இல்லை. ஆறு திங்களுக்கு ஒருமுறை எல்லாரும் மேசை மாறவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கினார். எட்டு மாதம் அம்மேசையில் இருந்த எங்கள் நண்பர் அடுத்த தேர்வில் அலுவலரானார். அம்மேலாளர் மாற்றலாகிப் போன மறு மாதம் அச்சுற்றறிக்கை கோப்பிற்குள் சென்றது. அவரை நாங்கள் இன்றும் நன்றியுடன் நினைக்கிறோம். ஆனால் ஒருவர் நல்லவராய் வாய்த்தால் தொழில் கற்கலாம், வாய்க்காவிட்டால் தபால் மேசை என்னும் ஏற்பாட்டை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் தொழிற்சங்கம் ஊதியத்திற்காகப் போராடியதைப் போல மேசை மாற்றத்திற்காகவும் ஒருமுறை போராடியிருக்கலாம்.

இன்று பேரேடுகள் இல்லை. தேர்வு வாரியங்கள் 2001-இல் கலைக்கப்பட்டு, 2011 முதல் பொது எழுத்துத் தேர்வு நடைபெறுகிறது. 2010 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. 2020 ஏப்ரலில் பத்து வங்கிகள் நான்காயின. துப்புரவுப் பணி பல கிளைகளில் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. சின்னம்மாவுக்குக் கிடைத்த முழுநேர இடம், அவருடைய இடத்தில் இன்று கூட்டுபவருக்குக் கிடைக்க வழியே இல்லை. உணவு நேரத்தை எவரும் மாற்றுவதில்லை என்று இளையோர் சொல்கிறார்கள். உண்ணவே நேரமில்லை என்றும் சொல்கிறார்கள். மேசை மட்டும் வேறு வடிவில் இருக்கிறது. இப்போது அது கணிப்பொறியில் எவருக்கு எந்தப் பணிக்கு அனுமதி என்னும் வடிவம்.

சின்னம்மாவின் பேத்தி நம் கழகத்தின் மாலை வகுப்பில் படித்துத் தேர்வெழுதி, இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு வங்கியில் சேர்ந்தாள். சென்ற மாதம் அவளைக் கண்டபோது எந்தப் பிரிவு என்று கேட்டோம். சேர்ந்த நாள் முதல் முகவரிச் சான்று சரிபார்ப்பதும் பாஸ்புக் அச்சிடுவதும்தானாம். "நல்லா செய்றேன்னு மேனேஜர் சொல்றார், தாத்தா" என்றாள்.

கழகத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. தேர்வுக்குப் பயிற்சி அளிப்பதுடன், தேறிச் சென்றவர்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும். அதை நடத்த நாங்கள் இருக்கிறோம். வருகின்ற ஞாயிறு முதல் காலை பத்து மணிக்கு இதே கட்டடத்தின் மாடியறையில் கூடுவோம். கடன் விண்ணப்பம், ஐந்தொகை, சரக்கிருப்பு அறிக்கை, ஈட்டுப் பத்திரம் ஆகியவற்றின் மாதிரிப் படிகளைப் பெயர்களை அடித்துவிட்டுத் தயார் செய்து வைத்துள்ளோம். முதல் நாள் ஐந்தொகை. பணியில் இருப்போர் தங்கள் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தைக் கொண்டுவரலாம். கூடியிருந்து படித்து, மறுமொழி எழுதவேண்டியிருந்தால் எழுதித் தருவோம். மேசை மாற்றம் கோரும் கடிதம் ஒன்றும் எழுதவேண்டியிருக்கிறது. அதை எழுதும் நாளில் சின்னம்மாவும் வந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.